சாமான் போய்ச் சேரும் விலாசம்

கட்டுகஸ்தோட்டை
20.07.2024

அன்புள்ள கைரியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வீட்டுல எல்லாரும் சுகமா இருக்கத் துஆச் செய்றேன். ஒங்கட முழங்கால் வலி எப்படி? நான் சுகம் என்டு எழுதாட்டி நீங்க பயப்படுவீங்க. ஆகவே சுகம்.

இந்தக் காலத்துல என்னடா கடிதம் என்டு பார்க்காதீங்க. என்ட புருசன் மவுத்தாகி மூணாம் நாளே மாமி என்ட போனை வாங்கி அலுமாரியில வச்சுப் பூட்டிட்டா. "இத்தாவுல இருக்கிற பொம்புளைக்குப் போன் எதுக்கு? எவனெவனோ எடுப்பான், குரல் வெளிய போகும்" என்டா. நாலு மாசமும் பத்து நாளும் நான் படி இறங்கக் கூடாது, அந்நிய ஆம்புள கண்ணுல படக் கூடாது, அது தெரிஞ்சதுதானே. போன் எந்தக் கிதாபுல இருக்கு என்டு கேட்டிருக்கலாம். சண்டை பிடிக்கத் தெம்பில்ல ராத்தா. கீழ நம்மட ரெஸ்டூரண்ட்ல பாத்திரம் கழுவுற ராக்கம்மாதான், "எழுதிக் குடுங்கக்கா, வத்தேகம பஸ் எடுக்கப் போறப்ப தபால் பொட்டியில போட்டுட்டுப் போறேன்" என்டாள். அவள் புண்ணியத்துல எழுதுறேன்.

ஜன்னலுக்கெல்லாம் பெட்ஷீட் கட்டியாச்சு. கீழ கொத்து ரொட்டி தட்டுற சத்தம் மட்டும் வருது. அவங்க கவுண்டர்ல இருந்து செருமுற சத்தத்துக்குக் காது இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கு.

ஒரு விசயம். நேத்து அவங்கட தம்பி அரூஸ் கதவுக்கு வெளிய நின்டு மாமிக்கிட்டப் பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்டுதான் அந்தச் சத்தத்துல பேசினார். இத்தா முடிஞ்சதும் மேல் வீட்டை உடைச்சுப் பெமிலி ஹோல் ஆக்கப் போறாங்களாம். பிள்ளைகுட்டியோட வாற ஆக்களுக்குக் கீழ எடம் காணாதாம். கட்டடம் மாமிட பேர்ல. அரூஸ் தம்பிக்கு அண்ணன் போனபிறகு நான் யார்? பிள்ளை ஒண்டாவது இருந்திருந்தா வேற கதை.

அவங்கட மய்யித்து எடுத்த அன்டைக்கு நீங்க என்ட கையப் பிடிச்சுச் சொன்னீங்க, "பின் ரூம் ஒனக்குத்தான், வந்திரு" என்டு. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் நாளை எண்ணுறேன்.

ஒங்கட துஆவை நாடும் தங்கச்சி,
றமீஸா


கம்பளை
24.07.2024

அன்பான தங்கச்சி றமீஸாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஒன்ட கடிதம் கிடைச்சு, வாசிச்சு, அழுது, மூஞ்சியைக் கழுவிட்டு உடனே எழுதுறேன். என்ட முழங்கால் எங்கயும் போகல, அங்கதான் வலிச்சுக்கொண்டு இருக்கு.

அடி பைத்தியம், நான் இருக்க நீ ஏன் யோசிக்கிறாய்? பின் ரூம் ஒனக்குத்தான். சுண்ணாம்பு அடிக்க ஆள் பார்த்திருக்கேன். சமையலறைக் கலண்டர்ல ஒன்ட இத்தா முடியுற நவம்பர் பன்னிரண்டைச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிட்டேன். அன்டைக்குக் காலையில வேன் பிடிச்சு நானே வந்து ஒன்னைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

சாமானை மட்டும் சும்மா ஏத்திடாத. இங்க பக்கத்து வீட்டு ஆக்கள் போன வருசம் வீடு மாறக்குள்ள லொறிக் கயிறு அவுண்டு அலுமாரி நடு றோட்டுல விழுந்து சில்லுச் சில்லாப் போச்சு. மருமகன் ருஷ்தி இன்சூரன்ஸ் கம்பெனியிலதானே, வீடு மாறுற சாமானுக்கு ஒரு காப்புறுதி இருக்காம். போர்மை இதோட வச்சிருக்கேன். அவரே வந்து பார்த்து எழுதுவார். ஆனா என்ட மருமகன் என்டாலும் ஒனக்கு அந்நியந்தானே, இத்தாவுல எப்படி முன்னால வர்ற? ஆகவே நீயே ஒண்டொண்டா எழுதி அனுப்பு.

மகள் பஸ்னாவும் ருஷ்தியும் நாவலப்பிட்டியில அந்த வாடகை அனெக்ஸ்லதான் இன்னும் இருக்கிறாங்க. ஒனக்கு ஸலாம் சொன்னாங்க. வேளைக்குச் சாப்பிடு. அழுறதென்டாலும் சாப்பிட்டுட்டு அழு.

ஒன்ட ராத்தா,
கைரியா


கட்டுகஸ்தோட்டை
04.08.2024

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒங்கட கடிதத்தைத் தலையணைக்கு அடியில வச்சுப் படுக்கிறேன். சாப்பிட்டுட்டு அழச் சொன்னீங்களே, அதை வாசிச்சு இத்தனை நாளைக்குப் பிறகு சிரிச்சேன். நீங்க எல்லாரும் சுகம்தானே?

கண்டிப் பெரஹெர ஊர்வல சீசன் தொடங்கப் போகுது. கீழ சனம் என்டா சனம். பொழுது விடிஞ்சா கடைக்கு இனிப்பு வட்டிலப்பம் அவிக்கிறதுதான் என்ட வேலை, இத்தாவுலயும் அதுக்கு லீவு கிடையாது. மாமி தட்டைக் கதவடியில வைப்பா, ராக்கம்மா எடுத்துப் போவாள்.

போர்ம்ல கேட்ட மாதிரி எழுதிட்டேன். அலுமாரி ரெண்டு, ஒண்டுட கண்ணாடி வெடிச்சது. கட்டில் ஒண்டு. தையல் மெசின். வட்டிலப்பச் சட்டி பெரியது மூணு. உம்மா தந்த பிங்கான் தட்டு பன்னிரண்டு, அதுல இப்ப பதினொண்டுதான். அவங்கட றேடியோ. ஓதுற பலகை. பிள்ளைக் கதிரை ஒண்டு, அதுக்கு மட்டும் பெறுமதி போடல. இருபத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்தினது ஒண்டரைப் பக்கத்துல முடிஞ்சிட்டு. மறந்தது ஏதும் இருக்குமென்டு ரெண்டு தரம் அறையைச் சுத்தி வந்தேன், ஒண்டும் இல்ல.

போர்ம்ட கடைசியில ஒரு கட்டம் இருக்கு, "சாமான் போய்ச் சேரும் விலாசம்" என்டு. ஒங்கட விலாசத்தை எழுதட்டுமா? கேட்காம எழுதக் கூடாதென்டுதான் வெறுமையா விட்டிருக்கேன். ஒரு வரி எழுதுங்க, நிரப்பி அனுப்புறேன்.

அன்புடன் தங்கச்சி,
றமீஸா


கம்பளை
21.08.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகமா இருக்கிறியா? எழுதப் பிந்திட்டு, மனசுல வச்சுக்கொள்ளாத. பஸ்னாவுக்குக் கொஞ்சம் சுகமில்ல. வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்ல, ஓங்காளிச்சுக்கொண்டே இருக்கிறாள். வெறும் கேஸ்தான், வாயுக் கோளாறு என்டார் டொக்டர். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு என்னோட வந்து இருக்கிறாள். அவளைப் பார்க்கிறதுலயே நாள் போயிடுது.

லிஸ்ட் கிடைச்சது. தங்கச்சி, அலுமாரி ரெண்டும் தேவையா? எத்தனை அடி அகலம் என்டு அளந்து எழுது. ஒரு ஆளுக்கு ஒரு அலுமாரி போதுந்தானே. கட்டிலையும் யோசி, மரக்கட்டில் பாரம், படியால இறக்கக்குள்ள சுவரெல்லாம் பேத்துடும்.

பிள்ளைக் கதிரை எதுக்கு ஒனக்கு? இருபது வருசமாக் கடையில கெடந்த சாமான். அதை அங்கயே விட்டுட்டு வா. அதைப் பார்க்கப் பார்க்க மனசுதான் கெட்டுப் போகும்.

இங்க ஒரே மழை. துணி காயுதில்ல. கொத்தமல்லி அவிச்சுக் குடி, மார்ச்சளி வராது.

ராத்தா,
கைரியா


கட்டுகஸ்தோட்டை
28.08.2024

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ்னாவுக்கு இப்ப எப்படி? இஞ்சியும் சீரகமும் வறுத்துப் போட்டுத் தண்ணி குடுங்க. பாவம், ரெண்டு தரம் கரு வயித்துல தங்காமப் போன பிள்ளை, உடம்பு பலவீனமாத்தான் இருக்கும். நான் வந்தபிறகு பாருங்க, வட்டிலப்பமும் சூப்பும் குடுத்து ரெண்டு மாசத்துல ஆளைத் தேத்திடுவேன்.

அலுமாரி மூணரை அடி. ஒண்டு போதும் என்டா ஒண்டு போதும். கட்டிலும் வேணாம், நான் பாயில படுப்பேன். நீங்க சொல்றதுதான்.

கதிரையை மட்டும் விட ஏலாது ராத்தா. அதுட கதை ஒங்களுக்கு முழுசாத் தெரியாது. கலியாணம் முடிச்ச முதல் வருசம் அவங்க பலா மரத்துல அதைச் செய்விச்சாங்க. "பிள்ளை பிறந்தபிறகு செய்தா அவசரத்துல கோணலாப் போயிடும்" என்டு சொல்லிச் சிரிச்சாங்க. மஞ்சள் பெயின்ட் நான்தான் அடிச்சேன். மூணு வருசம் அது எங்கட அறையில சும்மா நின்டுது. ஒரு நாள் தூக்கிக்கொண்டு கீழ போனாங்க. "நம்மட பிள்ளை வாற வரைக்கும் யார்ட பிள்ளையாவது உட்காரட்டும்" என்டாங்க.

அப்ப அது பஸ் டிரைவர்மார் சாப்பிடுற கடை, ஒரு பொம்புள உள்ள வர மாட்டாள். அந்த மஞ்சள் கதிரையைக் கண்டுதான் ஒரு உம்மா பிள்ளையோட முதன்முதல் உள்ள வந்தா. பிறகு திரை கட்டி ரெண்டு பெமிலி ரூம் போட்டாங்க. பிறகுதான் போர்ட்ல "பெமிலி ரெஸ்டூரண்ட்" என்டு எழுதினாங்க. சஹன் சாப்பாடும் அதுக்குப் பிறகுதான், குடும்பமாச் சுத்தி இருந்து ஒரே தட்டுல சாப்பிட. கீழ எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் அதுல இருந்து சாப்பிட்டுட்டுதுகள். நான் ஒரு நாளும் அந்தப் பெமிலி ரூம்ல இருந்து சாப்பிட்டதில்ல, அது வேற விசயம்.

அரூஸ் தம்பி புதுசாப் பிளாஸ்டிக் கதிரை ஆறு வாங்கியிருக்கிறாராம். பழசை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிட்டார். ஆகவே லிஸ்ட்ல அது இருக்கட்டும்.

விலாசம் பத்தி நீங்க ஒண்டும் எழுதல. மறந்திருப்பீங்க. பதில்ல எழுதுங்க.

தங்கச்சி,
றமீஸா


கட்டுகஸ்தோட்டை
26.09.2024

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா? ஒரு மாசமாகுது, ஒங்கட கடிதம் இல்ல. தபால்ல தவறிட்டோ என்டு ராக்கம்மாவை ரெண்டு தரம் கேட்டேன். "சத்தியமாப் போட்டேங்கக்கா, பொட்டிக்குள்ள விழுற சத்தத்தையும் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்" என்டு அவள் கோவிச்சுக்கொண்டாள்.

பஸ்னாவுக்கு ஏதும் கடுமையா? ஒங்கட காலா? எதுவென்டாலும் சொல்லுங்க ராத்தா. நாலு சுவருக்குள்ள இருக்கிறவளுக்குக் கெட்ட செய்தியை விட ஒண்டும் வராம இருக்கிறதுதான் கஷ்டம்.

வேற ஒண்டும் இல்ல. களைப்பா இருக்கு.

றமீஸா


கம்பளை
07.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் சுகம். பயப்பட ஒண்டும் இல்ல. பஸ்னா படுக்கையிலதான், டொக்டர் நடக்க வேணாம் என்டிருக்கிறார். வயித்துப் புண்ணாம். ருஷ்தியும் இப்ப இங்கயிருந்துதான் வேலைக்குப் போறார். சம்மந்திப் பொம்புள வேற வந்து வந்து போறா. அவட வாய்க்குப் பதில் சொல்லியே எனக்குப் பொழுது போகுது. அவ சொல்றதையும் தட்ட ஏலாது, மகளைக் குடுத்த எடம்.

பேனை எடுப்பேன், வைப்பேன். எல்லாத்தையும் கடிதத்துல எழுத ஏலுமா, நீயே சொல்லு.

ருஷ்தி ஒரு துண்டு எழுதித் தந்தார், அதை அப்படியே கீழ எழுதுறேன். "றமீஸா சாச்சிக்கு, பெறுமதி எழுதாத பொருளுக்குக் காப்புறுதி இல்லை. பிள்ளைக் கதிரைக்குப் பெறுமதி எழுதப்படவில்லை. போய்ச் சேரும் விலாசம் இல்லாமல் பொலிசி எழுத முடியாது." பார், வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஒபிஸ் கந்தோர் பாஷையில எழுதுறார்.

நான் என்ன யோசிக்கிறேன் என்டா, சாமானையெல்லாம் கொஞ்ச நாளைக்கு அரூஸ்ட ஸ்டோர்ல வச்சா என்ன? ஒரேயடியா ஏத்தணும் என்டு என்ன அவசரம்? நல்ல மழைக்காலமும் கூட.

ஒன்ட உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்னை நினைக்காத நாள் இல்ல, அது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

கைரியா


கட்டுகஸ்தோட்டை
17.10.2024

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ்னாவுக்குச் சுகம் கிடைக்க ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்கிறேன்.

நேத்து கட்டட வேலைப் பாஸ்மார் மூணு பேர் அளக்க வந்தாங்க. மாமி என்னைச் சமைக்கிற குசினிக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தினா. உள்ள இருந்து எல்லாம் கேட்டேன். "இந்தக் கட்டில் இருக்கிற எடத்துல எட்டுப் பேர் மேசை போடலாம்" என்டான் ஒருத்தன். இன்னொருத்தன் சிங்களத்துல ஏதோ சொல்லிச் சிரிச்சான். அவங்க போனபிறகு பார்த்தா என்ட கட்டிலைச் சுத்தித் தரையில சோக்குக் கோடு. மாமி பிறைக் கணக்கு வச்சு விரல் மடக்கிக்கொண்டு இருக்கிறா. எனக்கு எத்தனை நாள் மிச்சமென்டு என்னை விட அவவுக்கு நல்லாத் தெரியும்.

அரூஸ் தம்பி ஸ்டோர்ல சாமான் வைக்கலாம் என்டு எழுதியிருந்தீங்க. சாமானை வைக்கலாம். என்னை எங்க வைக்கிற?

ராக்கம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லல. அவளுக்கே விளங்கியிருக்கு. "மகன் கொழும்புக்குப் போனதிலருந்து எங்க முன் ரூம் சும்மாதான் கெடக்குதுக்கா. உங்க சமையல் தனி, எங்க சமையல் தனி. பள்ளிவாசல் பாங்குச் சத்தமும் நல்லாக் கேக்கும். யோசிச்சுப் பாருங்க" என்டாள். எனக்கு எங்கட ராத்தா இருக்கிறா என்டு சொல்லி அனுப்பினேன்.

நான் சுத்தி வளைச்சுக் கேட்டது போதும், நேராவே கேட்கிறேன். அந்தக் கட்டத்துல ஒங்கட விலாசத்தை எழுதலாமா, ஏலாதா? ஏலாது என்டா ஏலாது என்டு சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டேன். ஒரு சொல் போதும்.

றமீஸா


கம்பளை
02.11.2024

அன்பான தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஒன்ட கடிதத்தைக் கண்டு ரெண்டு நாள் சோறு இறங்கல. நீ ஏன் இப்படிக் கேட்கிறாய்? ஒன்னை நான் ஏலாது என்டு சொல்வேனா?

விசயம் இதுதான். பின் ரூம் கூரை ஒழுகுது. இந்த மழைக்குச் சீட் ரெண்டும் வெடிச்சு, உள்ள வாளி வச்சிருக்கு. சுண்ணாம்பு அடிச்சதெல்லாம் நாசம். பாஸ் மழை விட்டாத்தான் கூரையில ஏறுவேன் என்கிறான். தை மாசம் வரைக்கும் எப்படியாவது அங்கயே சமாளிக்க ஏலாதா? மாமிக்கிட்ட நான் பேசுறேன்.

பன்னிரண்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை காலையில வேனோட கட்டாயம் வாறேன். நேருல எல்லாத்தையும் பேசுவோம். நேருல பேசினா ஒனக்கு விளங்கும். அது வரைக்கும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாத. இன்னும் பத்து நாள்தானே.

ஒன்ட ராத்தா,
கைரியா


ராக்கம்மா வீடு
சந்தைக்குப் பின் ஒழுங்கை
வத்தேகம
11.11.2024

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க சுகமா வந்து சேர்ந்திருப்பீங்க. இந்தக் கடிதத்தை நான் தபால்ல போடல. செவ்வாய்க்கிழமை நீங்க வேனோட வாறபோது கையில குடுக்கச் சொல்லி ராக்கம்மாக்கிட்டக் குடுத்திருக்கேன். ஆகவே நீங்க இப்ப ரெஸ்டூரண்ட்ல நின்டுதான் இதை வாசிப்பீங்க. நிற்காதீங்க, முழங்கால் வலிக்கும். பெமிலி ரூம்ல போய் உட்காருங்க.

ராத்தா, நீங்க சமையலறைக் கலண்டர்ல எண்ணினீங்க. இத்தா பிறைக் கணக்கு. என்ட இத்தா எட்டாந் திகதி வெள்ளிக்கிழமையே முடிஞ்சிட்டு. நாலு நாள் பிழை என்டு ஒங்கட முதல் கடிதத்துலயே கண்டேன். திருத்தி எழுதல. நாலு நாள் முந்தி வந்து நின்டு ஒங்களைச் சந்தோசப்படுத்தலாம் என்டு அப்ப ஒரு நினைப்பு. பிறகு அந்த நினைப்பு போயிட்டு. ஆனாலும் சனிக்கிழமை காலையில பஸ் ஏறினேன். கூரை ஒழுகுற ரூம்லயும் ஒரு மூலை காய்ஞ்சு இருக்குமே, அதைப் பார்த்துட்டு ஒங்களுக்கு முன்னாலயே "இது போதும்" என்டு சொல்ல வந்தேன்.

பேராதனையில பிடிச்ச மழை கம்பளை பஸ் ஸ்டேண்ட் வரைக்கும் விடல. ஒங்கட ஒழுங்கையில ஏறி வந்தப்பதான் விட்டுது. பின் ரூம் ஜன்னல் திறந்து இருந்துது. புதுச் சுண்ணாம்பு, வெள்ளை வெளேரென்டு. ருஷ்திட சேர்ட் கொழுவியிருந்துது. வாளி ஒண்டையும் நான் காணல.

பின் படியில பஸ்னா உட்கார்ந்து இருந்தாள். என்னைக் கண்டதும் மூஞ்சி மலர்ந்து "சாச்சி" என்டு எழும்பப் பார்த்தாள். பிறகு ஏதோ நினைவு வந்த மாதிரி முந்தானையை இழுத்து வயித்தை மூடினாள். அஞ்சு மாசமாவது இருக்கும். அப்படியே கையால மூடிக்கொண்டு குனிஞ்சு இருந்தாள், பிறகு என்னைப் பார்க்கல.

எனக்கு எல்லாம் விளங்கிட்டு ராத்தா. கேஸும் விளங்கிட்டு, வயித்துப் புண்ணும் விளங்கிட்டு, சம்மந்திப் பொம்புள என்ன சொல்லியிருப்பா என்டும் விளங்கிட்டு. பஸ்னாவில பிழையில்ல. சொல்லாதே என்டு வாயில விரல் வச்சுக் காட்டிட்டுத் திரும்பி வந்துட்டேன். நீங்க குசினியில யாரோடயோ சத்தமாப் பேசிக்கொண்டு இருந்தீங்க. அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுட்டுத்தான் போனேன்.

ரூம் இல்ல என்டதுல எனக்குக் கவலை இல்ல. மகளுக்குத்தான் முதல்ல எடம், அது யாருக்குத் தெரியாது? டொக்டர் படுக்கச் சொன்ன பிள்ளையை எங்க வைப்பீங்க? ஒரு வரி எழுதியிருந்தா நானே வேற எடம் பார்த்திருப்பேன். ஆனா மறைச்சீங்களே. என்ட கண்ணுக்கா பயந்தீங்க ராத்தா? பிள்ளை இல்லாதவள், புருசன் போனவள், இவள் கண்ணு பட்டா இந்தத் தரமும் தங்காது என்டா? ரெண்டு தரம் கலைஞ்சப்ப ரெண்டு தரமும் பஸ்னாட தலைமாட்டுல இருந்து ஓதினது நான். அந்தப் பழந்துணியை ராவெல்லாம் கழுவினது நான். அப்ப என்ட கண்ணு நல்ல கண்ணா இருந்துதே.

பஸ் ஸ்டேண்டுக்குத் திரும்பி வந்தேன். காலையிலிருந்து ஒண்டும் சாப்பிடவும் இல்ல. எதிர்ல ஒரு பெமிலி ரெஸ்டூரண்ட், உள்ள போனேன். "எத்தனை பேர் உம்மா?" என்டு பொடியன் கேட்டான். ஒரு ஆள் என்டேன். பெமிலி ரூம்லதான் இருப்பேன் என்டும் சொன்னேன். அவன் ஒரு மாதிரிப் பார்த்துட்டுத் திரையை ஒதுக்கி விட்டான். ஆறு பேர் மேசை. சஹன் இருக்கா என்டு கேட்டேன். "அது நாலு பேருக்குக் குறையக் குடுக்கிறதில்ல உம்மா" என்டான். பிறகு ஒரு கோழிப் புரியாணி எடுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை கரண்டியால மேசையைத் தட்டிக்கொண்டே இருந்துது. அதுட உம்மா ஏசினா. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முழுச் சோத்தையும் சாப்பிட்டேன். புரியாணி உப்புக் கூட, நம்மட கடை மாதிரி வராது. வெளிய வந்தப்ப மனசு கொஞ்சம் ஆறியிருந்துது.

நேத்து ராக்கம்மாட ரூமுக்கு வந்துட்டேன். அவள் வாசலைக் கூட்டித் தண்ணி தெளிச்சு வச்சிருந்தாள். ஒரு அலுமாரியும் சட்டி மூணும் தையல் மெசினும் அவள்ட மச்சான்ட த்ரீவீல்லயும் சின்ன லொறியிலயும் வந்துது. இன்சூரன்ஸ் ஒண்டும் போடல. ஒரு பிங்கான் உடைஞ்சுது, இப்ப பத்து. அரூஸ் தம்பி வட்டிலப்பம் மட்டும் தொடர்ந்து வேணும் என்டு சொல்லியிருக்கிறார். மேல பெமிலி ஹோல் திறந்தா இன்னும் கூட வேணுமாம். நான் சரி என்டுட்டேன்.

இப்ப விசயத்துக்கு வாறேன். வேனை வெறுமையாக் கொண்டு போகாதீங்க. கவுண்டருக்குப் பக்கத்துல சாக்குச் சுத்தி ஒரு சாமான் இருக்கும். அவிழ்த்துப் பார்க்காமலே தெரியும் ஒங்களுக்கு. நேத்து அதுக்குத் திரும்பவும் மஞ்சள் அடிச்சேன், இன்னும் கொஞ்சம் ஈரம். கண்ணூறு பயமென்டா ஓதி ஊதிட்டு உள்ள எடுங்க. நான் ஓதி ஊதிட்டுத்தான் அனுப்புறேன். சம்மந்திப் பொம்புள கேட்டா கடையில வாங்கினது என்டு சொல்லுங்க.

ருஷ்திட போர்மையும் இதோட வச்சிருக்கேன். மற்றதையெல்லாம் வெட்டிட்டு ஒரே ஒரு சாமான்தான் விட்டிருக்கேன். பிள்ளைக் கதிரை, ஒண்டு. சாமான் போய்ச் சேரும் விலாசம் என்ட கட்டத்தையும் நிரப்பிட்டேன், ஒங்கட வீட்டு விலாசம்தான். பெறுமதி என்ட கட்டம் மட்டும் வெறுமையா இருக்கு. அது என்னவென்டு எனக்குத் தெரியல, ருஷ்தி பார்த்து எழுதட்டும்.

பஸ்னாவை மாடிப்படி ஏற விடாதீங்க. நீங்களும் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்க. பிள்ளை அந்தக் கதிரையில முதன்முதல் உட்காருற அன்டைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்க ராத்தா. என்ட விலாசம் மேல இருக்கு.

வஸ்ஸலாம்.
ஒங்கட தங்கச்சி,
றமீஸா